எந்த அணி, எந்தக் கழிப்பறை? திருநர் மாணவர்களைப் பற்றிய சில கேள்விகளுக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்கள்

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பிள்ளை, ஆணாகப் பிறந்தும் தன்னைப் பெண்ணாகவே உணர்கிறாள். பள்ளியில் கழிப்பறைக்குப் போகப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை. பள்ளியிடம் நான் என்ன கேட்கலாம்?

முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள், அம்மா. நாள் முழுக்க அடக்கி வைத்தால் சிறுநீர்த் தொற்று வரலாம். சட்டம் அதற்கு அடுத்ததுதான்.

சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7-ஆம் தேதி சுஷ்மா வழக்கில் (பாதுகாப்புக் கேட்டு ஒரு தன்பாலின இணையர் தொடுத்தது) தந்த உத்தரவில் பள்ளிகளுக்கென்றே சில பரிந்துரைகள் இருக்கின்றன. பாலினம் பாராத பொதுக் கழிப்பறை வேண்டும், பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேச வேண்டும், விண்ணப்பங்களில் ஆண், பெண் என்பதோடு திருநர் என்ற கட்டமும் இருக்க வேண்டும் என்கிறது அது. இதைக் குறிப்பிட்டுத் தலைமையாசிரியருக்கு எழுதுங்கள். நகல் ஒன்றை முதன்மைக் கல்வி அலுவலருக்கும் அனுப்புங்கள்.

புதிய கட்டடம் வரும்வரை பிள்ளையைக் காத்திருக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆசிரியர் கழிப்பறைகளில் ஒன்றை நாளைக்கே திறந்துவிடலாம். ஆனால் 'இது அவளுக்கு மட்டும்' என்று ஒதுக்க விடாதீர்கள். அப்படிச் செய்தால் அந்தக் கதவைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் அவள் யார் என்று பள்ளி முழுக்க அறிவித்தது போலாகிவிடும். உடம்பு சரியில்லாத பிள்ளை, தனிமை வேண்டும் பிள்ளை என்று யாரும் போகலாம் என்றிருக்கட்டும்.

அரசிடமிருந்து தெளிவான சுற்றறிக்கை வரும்வரை பள்ளி எதுவும் செய்யாமல் இருக்கலாமா? (ஒரு தலைமையாசிரியர்)

கூடாது. 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜனவரி 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 3-ஆவது பிரிவு கல்வி நிலையங்களில் பாகுபாட்டைத் தடை செய்கிறது. 11-ஆவது பிரிவு, புகார் விசாரிக்க ஓர் அலுவலரை நியமிக்கச் சொல்கிறது. உங்கள் பள்ளியில் அவர் யார் என்று கேட்டால் உடனே பெயர் சொல்ல முடிகிறதா, ஐயா?

திருநங்கை மாணவி ஒருத்தி பெண்கள் கோ-கோ அணியில் சேரக் கேட்கிறாள். சேர்க்கலாமா? குறுவட்டப் போட்டிக்குக் கூட்டிப் போனால் சிக்கல் வருமா? (உடற்கல்வி ஆசிரியர்)

அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்வி நிலையமும் விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளைப் பாகுபாடின்றி, மற்றவர்களுக்குச் சமமாகத் தர வேண்டும் என்கிறது அதே 2019 சட்டத்தின் 13-ஆவது பிரிவு. எந்த அணியில் என்று மட்டும் அது சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் நீங்கள் நிற்கிறீர்கள்.

2022 ஆகஸ்டில் இதே இடைவெளி கேரள உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. கோழிக்கோடு மாவட்ட ஜூடோ போட்டியில் பெண்கள் பிரிவில் இறங்க ஒரு திருநங்கை அனுமதி கேட்டார். திருநருக்கெனத் தனி ஏற்பாடு செய்யாவிட்டால், அவர் தேர்ந்தெடுத்த பிரிவில் அனுமதிக்க வேண்டும் என்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. தமிழ்நாட்டை அது கட்டுப்படுத்தாது. ஆனால் எடுத்துக்காட்ட வலுவான உத்தரவு.

பள்ளிக்குள் நடக்கும் பயிற்சி, விளையாட்டு விழா எல்லாவற்றிலும் தயங்காமல் சேருங்கள். வெளிப் போட்டி என்றால் ஒரு மாதம் முன்பே அமைப்பாளருக்கு எழுதி, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். மைதானத்துக்குப் போன பிறகு, பார்வையாளர் முன்னால் ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பும் நிலை வரவே கூடாது.

என் மகள் நூறு மீட்டர் ஓடுகிறாள். திருநங்கை மாணவிகளைப் பெண்கள் பிரிவில் சேர்ப்பது அவளுக்கு அநியாயமில்லையா?

உங்கள் கவலையை வெறுப்பென்று நான் சொல்ல மாட்டேன். பருவமடைந்த பின் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் தசையையும் எலும்பையும் மாற்றுகிறது. உச்ச நிலை ஓட்டங்களில் ஆண்-பெண் வேறுபாடு பத்து விழுக்காட்டுக்கு மேல். அதனால்தான் உலக நீச்சல் அமைப்பு 2022-லும், உலகத் தடகள அமைப்பு 2023-லும், ஆண் பருவ வளர்ச்சியைக் கடந்த திருநங்கைகள் பெண்கள் பிரிவில் பங்கேற்பதற்குக் கட்டுப்பாடு விதித்தன. ஆனால் அவை சர்வதேசப் போட்டிகளுக்கானவை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அந்த வேறுபாடு மிகச் சிறியது. சர்வதேசப் பதக்கத்துக்கான விதியைப் பள்ளி மைதானத்தில் பொருத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 'இவள் பெண்தானா' என்று சோதிக்கத் தொடங்கினால் அது திருநங்கைகளோடு நிற்காது. புதுக்கோட்டை மாவட்டத்தின் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனைக்குப் பின் அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் திருநங்கை அல்ல. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாகவே வளர்ந்தவர். தோற்றத்தை வைத்துச் சந்தேகப்படும் வழக்கம் பள்ளிக்குள் வந்தால், நாளை குட்டை முடியும் உறுதியான தோளும் கொண்ட உங்கள் மகளையும் யாராவது கை காட்டுவார்கள்.

நான் திருநம்பி; பெண்ணாகப் பிறந்தும் என்னை ஆணாகவே உணர்கிறேன். பதினொன்றாம் வகுப்பு. சுடிதார் சீருடை போட முடியவில்லை. அடையாளச் சான்றிதழ் இருந்தால்தான் மாற்றித் தருவார்களா?

சீருடை மாற்றச் சான்றிதழ் வேண்டும் என்று 2019 சட்டம் எங்கும் சொல்லவில்லை, தம்பி. சான்றிதழுக்கு 18 வயது ஆகும்வரை பெற்றோரோ பாதுகாவலரோதான் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். இப்போதைய படிவத்தை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்கச் சொல். வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றால் அவசரப்படாதே. உனக்கு நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடம் முதலில் பேசு. விளையாட்டு வேளைக்கான டிராக் பேன்ட்டை நாள் முழுக்க அணிய அனுமதி கேட்பது எளிய தொடக்கம். உன் சம்மதமில்லாமல் வீட்டுக்கோ வகுப்புக்கோ சொல்லக் கூடாது என்பதையும் அந்த ஆசிரியரிடம் தெளிவாகச் சொல்லிவிடு.