குதிகால் முதல் கழுத்து வரை: ஒரு பிசியோதெரபிஸ்டின் கேள்வி பதில்

காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி குத்துவது போல வலிக்கிறது. பத்தடி நடந்தால் குறைகிறது. (ஆசிரியை, வயது 47)

பாதி விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள் அம்மா. பாதத்தின் அடியில் ஓடும் தடித்த சவ்வு இரவெல்லாம் தளர்ந்து கிடந்துவிட்டு, முதல் அடியில் சட்டென்று இழுபடுகிறது. எனவே கட்டிலை விட்டு இறங்கும் முன்பே அதை நீட்டுங்கள். வலிக்கும் காலை மற்றதன் மேல் போட்டு, கால்விரல்களைக் கையால் மேல்நோக்கி வளைத்துப் பிடியுங்கள். பத்து விநாடி, பத்து முறை. அடுத்தது ஆடுசதை. சுவரில் கைகளை ஊன்றி, அந்தக் காலைப் பின்னால் வைத்து, குதிகால் எழும்பாமல் முன்னே சாயுங்கள். முழங்கால் நேராக இருந்தால் மேல்தசை நீளும். சற்று மடக்கினால் உள்தசை. இரண்டும் வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நீட்டும்போது உடலைக் குலுக்காதீர்கள்.

எத்தனை விநாடி பிடிக்க வேண்டும்?

பொதுவாக 30. 1994-இல் பேண்டி, ஐரியன் என்ற இரு ஆய்வாளர்கள் பின்தொடைத் தசையில் 15, 30, 60 விநாடிகளை ஒப்பிட்டார்கள். 15 போதவில்லை, 60 கூடுதலாக எதையும் தரவில்லை.

இறகுப்பந்து ஆடும் முன் குனிந்து, கால்விரலை இரண்டு நிமிடம் பிடித்து நிற்கிறேன். சரியா?

ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்து வைத்தால் அதன் விசை சற்று நேரம் குறையும் தம்பி. ஆட்டத்துக்கு முன் மெல்ல ஓடுங்கள், காலை வீசுங்கள். பிடித்து நிற்பது ஆடி முடித்த பிறகு. அப்போதும் குலுக்கக் கூடாது.

ஆடிய பிறகு நீட்டினால் மறுநாள் உடம்புவலி வராமல் இருக்குமா?

வரும்.

எத்தனை விநாடி?

மேலே பாருங்கள்.

தொடையிலிருந்து பாதம் வரை மரத்துப்போகிறது. எதை நீட்டலாம்?

எதையும் வேண்டாம். நரம்புத் தொல்லையாக இருக்கலாம். மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.

முடிவெட்டும் கடையில் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுக்கிறார்கள். அதுவும் நீட்சிதானே?

இல்லவே இல்லை! மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக்குழாய்கள் கழுத்தெலும்புத் துளைகள் வழியாகவே ஏறுகின்றன. வெடுக்கென்று திருகினால் அவை உட்புறம் கிழிந்து பக்கவாதம் வரலாம். அரிதுதான்; வந்தவருக்கு அது அரிதல்ல.

பதினைந்து வருடமாக எடுக்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே? விரலில் சொடக்கு எடுப்பதில்லையா?

விரல் வேறு ஐயா. டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் அறுபது ஆண்டுகள் ஒரு கையை மட்டும் சொடக்கிப் பார்த்தார். எந்தக் கையிலும் மூட்டுவாதம் இல்லை. சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசும் 2009-இல் கிடைத்தது. கழுத்தை வைத்து அவர் சோதிக்கவில்லை.

தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளலாமா?

தாராளமாக. முடிவெட்டுபவரின் கை உங்கள் தாடைக்கு வந்தால் எழுந்துவிடுங்கள்.