பதினைந்து கிலோ குறைந்த பிறகுதான் சிகிச்சையா?

கேள்வி: எனக்கு வயது 29, திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. உயரம் 157 செ.மீ., எடை 78 கிலோ. பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாதவிலக்கு 50, 60 நாட்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. 15 கிலோ குறைத்துவிட்டு வந்தால்தான் குழந்தைக்கான சிகிச்சை என்று மருத்துவர் கூறிவிட்டார். இரண்டு மாதம் மூன்று வேளையும் கஞ்சி மட்டுமே குடித்து 6 கிலோ குறைத்தேன். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. குறைந்த எடையும் திரும்பிவிட்டது. எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்ளலாமா? மருந்துக் கடையில் வாங்கிய கருமுட்டைச் சோதனை அட்டையில் அடிக்கடி இரண்டு கோடு விழுகிறது, ஆனால் கரு தங்கவில்லை. ஏன்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு.

பதில்: நீங்கள் 15 கிலோ குறையும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களில் பலருக்கு உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே மாதவிலக்கு ஒழுங்குக்கு வரத் தொடங்குகிறது. கருமுட்டை வெளியாகும் வாய்ப்பும் கூடுகிறது. உங்கள் கணக்கில் அது 4 முதல் 8 கிலோ. முதல் 4 கிலோவை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

ஸ்கேனில் ‘நீர்க்கட்டி’ என்று குறிப்பிடப்படுபவை உண்மையில் முழுதாக முதிராமல் பாதியில் நின்றுபோன சிறு முட்டைப்பைகளே. அவற்றைக் கரைக்கவும் வேண்டாம், அறுத்து எடுக்கவும் வேண்டாம். உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காதபோது கணையம் அதை அதிகமாகச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜன் என்னும் ஆண்பால் ஹார்மோனைக் கூட்டுகிறது. அதனால் முட்டைப்பை முதிர்வது தடைப்படுகிறது. வயிற்றுப் பகுதியில் சேரும் கொழுப்பு இந்தச் சுழற்சியை வலுப்படுத்துகிறது என்பதால்தான், சிறிதளவு எடை குறைந்தாலும் பலன் தெரிகிறது. எடை இயந்திரத்தின் முள்ளைவிட இடுப்பளவு பல நேரங்களில் நம்பகமான அடையாளம். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ. என்பதே எச்சரிக்கை எல்லை.

கஞ்சி விரதத்தில் நடந்தது வியப்பில்லை. அதில் பெரும்பகுதி மாவுச்சத்து. புரதம் மிகக் குறைவு. அப்படிக் குறையும் எடையில் கொழுப்போடு தசையும் கரைந்துவிடும். பசியை நெடுநாள் அடக்கவும் முடியாது. பி.சி.ஓ.எஸ்.ஸுக்கென்று தனிச்சிறப்பான உணவுமுறை எதுவும் இல்லை என்பதே 2023-இல் வெளியான பன்னாட்டு மருத்துவ வழிகாட்டுதலின் நிலைப்பாடு. ஆகவே நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் தட்டிலேயே மாற்றத்தைத் தொடங்குவது நல்லது. காலையில் ஐந்து இட்லியும் தேங்காய்ச் சட்னியும் என்றால், அதை மூன்று இட்லி, ஒரு கிண்ணம் காய் போட்ட கெட்டிச் சாம்பார், ஒரு அவித்த முட்டை என்று மாற்றுங்கள். முட்டை சாப்பிடாதவர் என்றால் ஒரு கிண்ணம் சுண்டல். மதியம் தட்டில் பாதியைக் கூட்டும் பொரியலும் கீரையும் பிடித்துக்கொள்ளட்டும். சோறு கால் பங்கு, மீதிக் கால் பங்கில் பருப்போ மீனோ கோழியோ இருக்கட்டும். கம்பு, கேழ்வரகு, தினை என்று மாறியவர்கள் பலர் அளவைக் கவனிப்பதில்லை. நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் நான்கு கேழ்வரகுத் தோசையும் மாவுச்சத்துதான். ஒரு நாளைக்கு மூன்று காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை, மாலையில் இரண்டு பிஸ்கட் என்ற பழக்கம் இருந்தால், அதை நிறுத்துவதே முதல் மாதத்துக்குப் போதுமான வேலை.

வாரத்துக்கு 150 நிமிடம் மூச்சு வாங்கும் வேகத்தில் நடப்பதும், இரண்டு நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சிகளைச் செய்வதும் எடை அதிகம் குறையாவிட்டால்கூட இன்சுலின் நிலையைச் சீராக்கும்.

ஊசியைப் பொறுத்தவரை, கருத்தரிக்க முயன்றுகொண்டிருக்கும்போது அது கூடாது. செமாக்ளூடைடு வகை ஊசியைக் கர்ப்பத்துக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்னதாகவே நிறுத்தியாக வேண்டும். போட்டுக்கொள்ளும் காலத்தில் கருத்தடையும் அவசியம். முகத்தில் முடி வளர்வதற்காக ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை ஏதும் எடுத்துவந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லி நிறுத்த வேண்டும்.

சிகிச்சையைத் தள்ளிப்போடுவது பற்றி: நெதர்லாந்தில் நடந்து 2016-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், உடல் பருமனும் கருத்தரிப்புச் சிக்கலும் கொண்ட பெண்களில் ஒரு பிரிவினர் ஆறு மாதம் எடை குறைப்புத் திட்டத்தை முடித்த பிறகும், மற்றவர்கள் உடனடியாகவும் சிகிச்சை பெற்றனர். காத்திருந்தவர்களில் இயற்கையாகக் கருவுற்றவர்கள் அதிகம். ஆனால் மொத்தத்தில் குழந்தை பெற்றவர்கள் அதிகமில்லை. எடை குறைப்பதில் பயன் இல்லை என்று இதற்குப் பொருளில்லை. கர்ப்பகாலச் சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகிய ஆபத்துகளைக் குறைக்க அது தேவைதான். ஆயினும் உங்கள் மருத்துவர் போட்ட நிபந்தனை கடுமையானது என்பதே என் கருத்து. மூன்று முதல் ஆறு மாதம் உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்திக்கொண்டே, பரிசோதனைகளை இப்போதே தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் இன்னொரு மகப்பேறு மருத்துவரின் கருத்தைக் கேட்பதில் தவறில்லை. கருமுட்டையை முதிரவைக்க இன்று முதலில் தரப்படுவது லெட்ரோசோல் மாத்திரை. 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அதை எடுத்த பி.சி.ஓ.எஸ். பெண்களில் 27.5 சதவீதத்தினரும், பழைய மருந்தான குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதத்தினரும் குழந்தை பெற்றனர். லெட்ரோசோல் மார்பகப் புற்றுநோய்க்கும் தரப்படும் மருந்து என்பதால், மாத்திரைத் தாளைப் படித்துவிட்டுப் பயந்து வருபவர்கள் உண்டு. நீங்கள் பயப்பட வேண்டாம்.

சோதனை அட்டை காட்டுவது, முட்டை வெளியாவதைத் தூண்டும் எல்.எச். என்ற ஹார்மோனை மட்டுமே. பி.சி.ஓ.எஸ்.ஸில் அது பல நாட்களிலும் உயர்ந்தே இருக்கக்கூடும் என்பதால், இரண்டு கோடு விழுந்தும் முட்டை வெளியாகாமல் போகலாம். அட்டைக்குச் செலவழிப்பதை நிறுத்திவிட்டு, முட்டை வளர்ச்சியை ஸ்கேனில் பார்ப்பது மேல்.

அடுத்த முறை செல்லும்போது தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரப்புக்கான ஹார்மோன்) ஆகியவற்றோடு, 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். வெறும் வயிற்றில் பார்க்கும் அளவு மட்டும் பலருக்கு உண்மையைக் காட்டாது. ஃபோலிக் அமில மாத்திரையை இப்போதே தொடங்க வேண்டும். பொதுவான அளவு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம். உங்கள் உயரத்துக்கு இந்த எடை என்பதால் 5 மில்லிகிராம் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். கடிதத்தில் கணவரின் விந்தணுப் பரிசோதனை பற்றி ஒரு வரிகூட இல்லை. அவரும் உங்களோடு வந்து, நீங்கள் லெட்ரோசோலைத் தொடங்கும் முன்பே அதைச் செய்துகொள்ளட்டும்.