ஒரு யூனிட் என்ன விலை? சுங்கை சிப்புட் மக்களின் கேள்விகளுக்குப் பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட் ஊரில் கைப்பேசிக்குக் கைப்பேசி ஒரு பட்டியல் பரவியது. ஒரு யூனிட் மின்சாரம் ஜெர்மனியில் கிட்டத்தட்ட இரண்டு ரிங்கிட், மலேசியாவில் இருபத்திரண்டு சென், குவைத்தில் மூன்று சென்கூட இல்லை என்று அதில் இருந்தது. "நாம் கொடுத்து வைத்தவர்கள்" என்று பாதிப் பேர் சொன்னார்கள். "எண்ணெய் நம்மிடமும் இருக்கிறதே, பிறகு ஏன் குவைத் விலை இல்லை?" என்று மீதிப் பேர் கொதித்தார்கள். செம்பனை எண்ணெய் ஆலையில் 31 ஆண்டுகள் சார்ஜ்மேனாக, அதாவது மின்பணிப் பொறுப்பாளராக, இருந்தவன் என்பதால் கோயில் மண்டபத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். வாயால் சொன்ன எண்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் மாறிவிடும். அதனால் எழுதியே தருகிறேன். நம் நாட்டுக் கணக்குகள் 2025 ஜூலையில் தீபகற்ப மலேசியாவுக்கு வந்த புதிய கட்டண முறைப்படி போட்டவை; வரி முதலியவை தனி.

தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) தையல் தைக்கும் தங்கை: அண்ணா, அந்தப் பட்டியல் உண்மையா? ஜெர்மனிக்காரர்கள் நம்மைவிட ஒன்பது மடங்கு கொடுக்கிறார்களா?

எண் சரிதான் அம்மா. 2025இல் ஜெர்மனியில் வீட்டு மின்சாரம் யூனிட்டுக்கு 40 யூரோ சென்ட் அளவில் இருந்தது. அன்றைய மாற்று வீதத்தில் நம் காசுக்கு ஏறத்தாழ 1 ரிங்கிட் 95 சென் வந்தது. மாதம் 300 யூனிட் செலவாகும் வீட்டுக்கு நம் நாட்டில் 65 ரிங்கிட் 79 சென், அதாவது யூனிட்டுக்கு 22 சென். ஒன்பது மடங்கு என்பது பொய்யில்லை.

ஆனால் ஜெர்மனிக்காரர் ரிங்கிட்டில் சம்பளம் வாங்குவதில்லை. எத்தனை மணி நேர உழைப்பு அந்தக் கட்டணத்துக்குப் போகிறது என்று பாருங்கள். நம் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். வாரம் 45 மணி என்று வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 8 ரிங்கிட் 72 சென். 300 யூனிட்டுக்கான 65 ரிங்கிட் 79 சென்னைச் சம்பாதிக்க ஏழரை மணி நேரம் உழைக்க வேண்டும். ஜெர்மனியில் 2025இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ, 300 யூனிட்டுக்கு 120 யூரோ, ஒன்பது மணிக்குச் சற்று மேல். பிரிட்டனில் 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரை யூனிட்டுக்கு 25.73 பென்ஸ், அதோடு நாள்தோறும் 51.37 பென்ஸ் நிலைக் கட்டணம். அப்போது அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. கூட்டி வகுத்தால் அவர்களுக்கும் ஏழரை மணிதான் வருகிறது!

மூன்று தடவை போட்டுப் பார்த்த கணக்கு இது. பட்டியலில் எங்கேயோ உயரத்தில் இருக்கிற பிரிட்டனும், கீழே இருக்கிற நாமும், கூலிக்காரரின் கைக்கடிகாரத்தில் ஒரே இடத்தில் நிற்கிறோம். நமக்கு மலிவு என்று யாராவது சொன்னால், யாருடைய சம்பளத்தில் என்று கேளுங்கள்.

ஐந்தாம் படிவ மாணவி: மின்சாரம் எங்கும் ஒரே மின்சாரம்தானே ஐயா? விலை மட்டும் ஏன் நாட்டுக்கு நாடு மாறுகிறது?

நல்ல கேள்வி மகளே. முதலில் எதை எரித்து எடுக்கிறார்கள் என்று பார். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பெரிய ஆறுகளை மறித்து அணை கட்டியிருக்கிறார்கள். அணை கட்டிய பிறகு எரிபொருள் வாங்கும் செலவு இல்லை. அதனால் அங்கே வீட்டுக்கான முதல் அடுக்கு யூனிட்டுக்கு ஏழு கனடா சென்ட் அளவில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் ஹவாய் தீவுகளோ கடல் நடுவே கிடப்பவை. பெரும்பாலும் எண்ணெயைக் கப்பலில் கொண்டுவந்து எரிக்கிறார்கள். அங்கே 40 அமெரிக்க சென்ட்டுக்கும் மேல். அந்த நாட்டின் சராசரியைப் போல் இரண்டு மடங்குக்கும் கூடுதல்.

நம் பக்கத்துச் சிங்கப்பூரைப் பார். அதன் மின்சாரத்தில் நூற்றுக்கு 95 பங்கு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அத்தனையும் வாங்கிய எரிவாயு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலையைத் திருத்துகிறார்கள். 2025இல் பொருள் சேவை வரியோடு சேர்த்து யூனிட்டுக்கு 30 சிங்கப்பூர் சென்ட் அளவு; நம் காசுக்கு ஏறத்தாழ ஒரு ரிங்கிட்.

அடுத்தது, எரிபொருள் அல்லாத செலவு. ஜெர்மனியில் ஒருவர் கட்டும் தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரியும் தீர்வையும்; கால் பங்குக்கு மேல் மின்சாரத்தை வீடு வரை கொண்டுவரும் கம்பித்தொடருக்கு. உன் வீட்டுக் கட்டணத் தாளை எடுத்துப் பார், நம் யூனிட்டையும் இப்போது பிரித்தே போடுகிறார்கள்: எரிசக்திக்கு 27.03 சென், மின்நிலையங்களின் கொள்திறனுக்கு 4.55, கம்பித்தொடருக்கு 12.85. மொத்தம் 44.43 சென். பிறகு குறைவாகப் பயன்படுத்துவோருக்கு ஒரு கழிவு, அதாவது தள்ளுபடி. 300 யூனிட் வீட்டுக்கு அந்தக் கழிவு யூனிட்டுக்கு 22.5 சென். மேலே நான் சொன்ன 22 சென் இப்படித்தான் வந்தது. நம் வீட்டு விலை கழிவுக்குப் பிந்திய விலை, இதை மறந்துவிடாதே.

லாரி ஓட்டும் தம்பி: நம் பேராக்கிலேயே செண்டெரோ அணை இருக்கிறது, தெமெங்கோர் இருக்கிறது. கியூபெக் விலை நமக்கு ஏன் இல்லை?

செண்டெரோ அணைமீது எனக்குத் தனிப் பற்று உண்டு தம்பி. கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளீயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொடுக்க 1930இல் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. ஆனால் அதன் கொள்திறன் 40 மெகாவாட் அளவுதான். தெமெங்கோர் 348 மெகாவாட். மஞ்சோங் கடற்கரையில் நிலக்கரி எரிக்கும் நிலையம் மட்டுமே 4,000 மெகாவாட்டைத் தாண்டும். ஒரு மஞ்சோங்குக்கு நூறு செண்டெரோ வேண்டும். தீபகற்பம் நிலக்கரியிலும் எரிவாயுவிலும்தான் ஓடுகிறது. அந்த நிலக்கரி கப்பலில் வருகிறது. 2,400 மெகாவாட் பாக்குன் அணை சரவாக்கில் இருக்கிறது. நடுவே தென்சீனக் கடல் கிடக்கிறது.

காய்கறிக் கடை அண்ணன்: குவைத்தில் மட்டும் எப்படி இவ்வளவு மலிவு?

குவைத்தில் குடிமக்களின் வீட்டுக்கு யூனிட் 2 பில்ஸ்; பில்ஸ் என்பது அந்த நாட்டுச் சில்லறைக் காசு. 1966 முதல் அதே விலை. உற்பத்திச் செலவு அதைவிடப் பல மடங்கு. மிச்சத்தை எண்ணெய்ப் பணத்திலிருந்து அரசு கட்டுகிறது. வெளிநாட்டார் குடியிருக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கு 2017இல் 5 பில்ஸாக உயர்த்தினார்கள். ஆக, மலிவு விலை யாருக்கு என்பதையும் அரசுதான் முடிவு செய்கிறது.

அண்ணே, விலையே இல்லாத மின்சாரத்தை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், மாலை ஆறரைக்கு ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும், பத்து மணிக்கு நிற்கும். யாரும் காசு கேட்டதில்லை. நிறுத்துவதற்குக் கால் மணி முன்பு விளக்கு ஒருமுறை மங்கி எழும், அதுதான் எச்சரிக்கை. அம்மா உடனே மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் உள்ளே கைவிட்டுத் துடைப்பார். அக்கா புத்தகத்தை விளக்குப் பக்கம் நகர்த்திக்கொள்வாள். அவளுடைய தேர்வுப் பாடம் எல்லாம் பத்து மணிக்கு மேல் படித்ததுதான். தோட்டத்துக்கு வெளிக் கம்பி வந்து, மீட்டர் மாட்டி, முதல் கட்டணத் தாள் கையில் கிடைத்தபோது அப்பா அதை நெடுநேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காசு கொடுப்பதால் நள்ளிரவிலும் சுவிட்சைத் தட்டலாம் என்பது அவருக்குப் பெரிய செய்தி.

யாழ்ப்பாணத்தில் உறவினர் உள்ள ஐயா: இலங்கையில் கட்டணம் ஏறுகிறது, இறங்குகிறது. அங்கே என்ன நடக்கிறது?

ஒன்பது ஆண்டுகள் விலையை ஏற்றாமலே வைத்திருந்தார்கள். 2022இல் எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி தீர்ந்தது. ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு. அந்த ஆகஸ்டில் சராசரி 75 விழுக்காடு ஏற்றினார்கள். 2023 பிப்ரவரியில் மேலும் 66 விழுக்காடு. பிறகு 2025 ஜனவரியில் 20 விழுக்காடு குறைத்து, ஜூனில் 15 விழுக்காடு ஏற்றினார்கள். உங்கள் உறவினர் படும் பாடு எனக்குப் புரிகிறது ஐயா. செலவுக்குக் கீழே விலையை வைத்து மிச்சத்தைக் கடனில் தள்ளினால், அந்தக் கடன் ஒருநாள் அடுப்படிக்கே வந்து நிற்கிறது.

தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போய் வந்த அம்மா: அங்கே நூறு யூனிட் இலவசமாமே?

ஆமாம் அம்மா. 2025 நிலவரப்படி அங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கு. அந்த இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். மாதத்துக்கு 50 என்று கொள்ளுங்கள். 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு விலை அட்டவணையே வேறு; அங்கே கட்டணம் சட்டென்று ஏறும்.

பள்ளிச் சிற்றுண்டிச் சாலை நடத்தும் தங்கை: கொஞ்சம்தான் கூடுதலாகப் பயன்படுத்தினோம். கட்டணம் பதினான்கு வெள்ளிக்கு மேல் ஏறிவிட்டது. மீட்டர் கெட்டுவிட்டதா? வீட்டில் எங்கே குறைக்கலாம்?

மீட்டரில் குறை இல்லை அம்மா. நீங்கள் கொண்டுவந்த இரண்டு தாள்களையும் பார்த்தேன். போன மாதம் 350 யூனிட்டுக்குள், இந்த மாதம் அதைத் தாண்டியிருக்கிறீர்கள். பழைய முறையில் முதல் 200 யூனிட் 21.80 சென், அடுத்த 100 யூனிட் 33.40 என்று படிப்படியாக ஏறும். மேல் படிக்கு ஏறினாலும் கீழ்ப்படியின் விலை அப்படியே இருக்கும். புதிய முறையில் கழிவு முழுப் பயன்பாட்டுக்கும் ஒரே வீதத்தில் கிடைக்கிறது, எல்லையைத் தாண்டினால் முழுதுக்கும் குறைகிறது. 350 யூனிட் வரை கழிவு 21 சென். 82 ரிங்கிட் கட்டுவீர்கள். 351 ஆனதும் கழிவு 17 சென். 96 ரிங்கிட் 28 சென். ஒரே ஒரு யூனிட்டுக்கு 14 ரிங்கிட் 28 சென்!

600இல் இன்னும் பெரிய படி இருக்கிறது. 600 யூனிட்டுக்கு 212 ரிங்கிட் 58 சென். 601க்கு 231 ரிங்கிட் 95 சென், ஏனென்றால் கழிவு குறைவதோடு 10 ரிங்கிட் சில்லறை விற்பனைக் கட்டணமும் சேர்கிறது. சேவை வரியும், மாதந்தோறும் மாறும் எரிபொருள் சரிக்கட்டலும் அதற்கு மேல்.

இந்தப் படிகளை இவ்வளவு செங்குத்தாக வைத்தது தவறு என்பது என் கருத்து. 200 யூனிட் வீடு பழைய 43 ரிங்கிட் 60 சென்னுக்குப் பதில் இப்போது 38 ரிங்கிட் 86 சென் கட்டுகிறது என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாள் வந்த பிறகுதான் படி தெரிகிறது என்றால் ஏழை வீடு எப்படித் திட்டமிடும்?

உங்கள் வீட்டில் எங்கே குறைக்கலாம் என்று கேட்டீர்கள். குளியலறைச் சுடுநீர்ப் பெட்டியைப் பாருங்கள். 3,600 வாட். ஒருவர் பத்து நிமிடம் குளித்தால் 0.6 யூனிட், நான்கு பேர், முப்பது நாள், 72 யூனிட். உங்கள் வீட்டில் ஐந்தில் ஒரு பங்கு அதிலேயே போகிறது. கூரை மின்விசிறி பத்து மணி நேரம் சுற்றினாலும் முக்கால் யூனிட்டைத் தாண்டாது. பிள்ளைகள் தூங்கும்போது அதை நிறுத்தாதீர்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஆஸ்திரேலியாவைப் போல் கூரையில் சூரியத் தகடு போடலாமா?

அங்கே மூன்று வீட்டில் ஒன்று போட்டிருக்கிறது. தகடு தரும் ஒவ்வொரு யூனிட்டும் விலை உயர்ந்த யூனிட்டை மிச்சம் பிடிப்பதால் போட்ட பணம் விரைவில் திரும்புகிறது. நம் ஊரில் 300 யூனிட் வீடு கட்டுவதே யூனிட்டுக்கு 22 சென்தான், அதனால் தகடு மிச்சம் பிடிப்பதும் குறைவு. ஏர்கோன் பலவும் ஓடும் பெரிய வீட்டுக்குச் சரி ஐயா. நீங்கள் இருவர் மட்டுமே உள்ள வீட்டுக்கு அவசரம் வேண்டாம்.

வாடகை வீட்டில் இருக்கும் அம்மா: முன்பக்கம் ஒரு குடும்பம், பின்பக்கம் நாங்கள். ஒரே மீட்டர். பாதிப் பாதி கட்டுகிறோம். நியாயமா?

அம்மா, இந்தப் பட்டியலைப் பற்றிப் பேசத் தொடங்கியதிலிருந்து எனக்கு உறுத்துவது உங்கள் கேள்விதான். பாதிப் பாதி என்பது உங்கள் இரு வீட்டுக்கும் இடையே நியாயமாக இருக்கலாம். ஆனால் மீட்டருக்கு நீங்கள் ஒரே வீடு. ஆளுக்கு 200 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனி மீட்டர் இருந்தால் ஆளுக்கு 38 ரிங்கிட் 86 சென், இருவருக்கும் 77 ரிங்கிட் 72 சென். ஒரே மீட்டரில் 400 யூனிட் ஆனதால் கழிவு 25 சென்னிலிருந்து 17 சென்னாக இறங்கி 109 ரிங்கிட் 72 சென் வருகிறது. இரண்டு சிக்கனமான குடும்பங்கள் சேர்ந்து மாதம் 32 ரிங்கிட் கூடுதலாகக் கட்டுகின்றன.

நம் ஊரில் தோட்டம் விட்டு வந்து ஒண்டுக் குடித்தனம் இருப்பவர்கள் பலர் இப்படித்தான் இருக்கிறார்கள். எந்த நாட்டுப் பட்டியலும் இவர்களைக் காட்டாது. பின்பக்கத்துக்குத் தனி வாசல் இருக்கிறது, தனிச் சமையல் இருக்கிறது. வீட்டுக்காரரின் சம்மதத்தோடு, பதிவு பெற்ற மின் ஒப்பந்தக்காரர் மூலம் தனி மீட்டருக்கு விண்ணப்பிக்கலாம். கம்பி மாற்றச் செலவாகும். அதை 32 ரிங்கிட்டால் வகுத்துப் பார்த்து எத்தனை மாதம் என்று முடிவு செய்யுங்கள். உங்கள் குடும்பம் அரசின் ஏழைக் குடும்பப் பதிவேடான இ-காசிஹ் பட்டியலில் பரம ஏழைப் பிரிவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தவர்களுக்கு 2025இல் மாதம் 40 ரிங்கிட் வரை மின்கட்டணக் கழிவு கிடைத்தது; இப்போதும் உண்டா என்று கேளுங்கள். கடைசி ஆறு மாதத் தாள்களையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை மண்டபத்துக்கு வாருங்கள். முன்பக்கத்துக் குடும்பத்தையும் கூட்டி வாருங்கள். வீட்டுக்காரரிடம் மூவருமாகப் போய்ப் பேசலாம்.