கேளுங்கள், சேர் பதில் சொல்கிறார்

கேள்வி: சோடியத்துக்கு 'என்.ஏ.', பொற்றாசியத்துக்கு 'கே'. பெயரில் இல்லாத எழுத்தை ஏன் போட்டார்கள்? காரணம் தெரியாமலே பாடமாக்குகிறேன், சேர்.
– சாதாரணதர மாணவி, சாவகச்சேரி

பதில்: பிள்ளை, உமது எரிச்சல் நியாயம்தான். இந்த இரண்டு உலோகங்களையும் 1807இல் லண்டனில் மின்சாரம் பாய்ச்சிப் பிரித்தவர் ஹம்ப்ரி டேவி. சோடாவில் இருந்து வந்ததைச் சோடியம் என்றார். சாம்பலைக் கரைத்து வற்றக் காய்ச்சும் பொற்றாசில் இருந்து வந்ததைப் பொற்றாசியம் என்றார். (சாம்பல் போட்டுச் சட்டி மினுக்கிய எங்கள் ஆச்சிமாரும் பொற்றாசியத்தோடு புழங்கியவர்கள்தான்.) ஜேர்மன்காரர் வேறு பெயர் வைத்தார்கள். எகிப்தின் வற்றிய ஏரிகளில் அள்ளிய நாட்ரன் உப்பை வைத்து ஒன்று, சாம்பலுக்கு அரபியர் வழங்கிய சொல்லை வைத்து மற்றது. அவைதான் நாட்ரியம், காலியம். சுவீடன்காரர் பெர்சீலியசு எழுத்துக் குறியீடுகளை வகுத்தபோது இந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டார். பேப்பர் திருத்துகிறவர்கள் இன்றைக்கும் அதற்குத்தான் புள்ளி போடுகிறார்கள்.

அதற்கு முன்பு, அணுக் கொள்கையை முன்வைத்த ஆங்கிலேயர் ஜோன் டோல்டன் மூலகங்களுக்கு வட்டங்கள் போட்டு வைத்திருந்தார். வெறும் வட்டம் ஒட்சிசன், நடுவில் புள்ளி வைத்தால் ஐதரசன், முழுதும் கறுப்பாக்கினால் காபன். பார்க்க அழகு. ஆனால் அச்சுக் கோப்பவர் பாடு? எழுத்து என்றால் எழுதவும் லேசு, புத்தகமும் அலங்கோலமாகாது என்பது பெர்சீலியசின் வாதம். டோல்டன் கடைசிவரை இணங்கவில்லை. இதைப் படிப்பதற்கு ஒரு மாணவன் ஹீப்ரு மொழியைப் படித்துவிடலாம் என்ற மாதிரி 1837இல் கடிதம் எழுதினார். உமக்கு அவரைப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: மணிமேகலையிலேயே அணு இருக்கிறதே. டோல்டனுக்கு ஏன் இவ்வளவு புகழ்?
– இளைப்பாறிய எழுதுவினைஞர், கோப்பாய்

பதில்: இருக்கிறது, ஐயா. வஞ்சி நகரில் ஆசீவகர் (அக்காலத்து ஒரு சமயப் பிரிவினர்) சொல்லும் இடம். நிலம், நீர், தீ, காற்று, உயிர் என்று அணுக்கள் ஐந்து வகை. அவை சிதையா, புதிதாய்ப் பிறவா, ஒன்றுக்குள் ஒன்று புகா. நல்ல யோசனை. ஆனால் தீயின் அணு என்ன நிறை என்று அங்கே யாரும் கேட்கவில்லை. டோல்டன் கேட்டார். ஐதரசனை 1 என்று வைத்து, 1808இல் வந்த நூலில் ஒட்சிசனுக்கு 7 என்று போட்டார். பிழை! தண்ணீரில் இரண்டும் ஒவ்வோர் அணுதான் என்று நினைத்துவிட்டார். அக்கால அளவைகளும் அவ்வளவு திருத்தம் இல்லை. ஆனாலும் எண் என்று ஒன்று கையில் இருந்ததால் மற்றவர்கள் திரும்பத் திரும்ப நிறுத்துப் பார்த்துச் சண்டை பிடித்தார்கள். 1860இல் ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூவில் நடந்த இரசாயனவியலாளர் மாநாட்டில் இத்தாலியர் கன்னிசாரோ எடுத்து விளக்கிய பிறகுதான், ஒட்சிசனுக்கு நாங்கள் இப்போது படிப்பிக்கும் 16 பலருக்கும் ஒப்பாகத் தொடங்கியது.