அவருடைய பைக்கிலேயே ஏன் ஏற்றி அனுப்பினீர்கள்?

கேள்வி: எங்கள் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளராக இருக்கிறேன். நவம்பர் 25, பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாளை ஒட்டி ஒரு சிறப்புக் கூட்டம் நடத்த ஆசை. யாரைப் பேச அழைக்கலாம்? இந்தப் பிரச்சினை எங்கள் சபையிலும் உண்டு. போன மாதம் ஒரு சகோதரி, கணவர் அடிப்பதாக ஐயரம்மாவிடம் (போதகரின் மனைவியிடம்) சொல்லி அழுதாள். இருவரையும் குருமனைக்கு (போதகர் வீட்டுக்கு) வரவழைத்துப் புத்தி சொல்லி, ஜெபம் பண்ணி, அவருடைய பைக்கிலேயே ஏற்றி அனுப்பினோம். அவர் கமிட்டி மெம்பர், நல்ல ஜெப மனிதர். ஏனோ அவள் இப்போது சங்கத்துக்கு வருவதில்லை.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, கூட்டம் இருக்கட்டும். அந்த பைக்கைப் பற்றிப் பேசுவோம். அவள் அதில் ஏறியபோது, ‘என் கணவர் அடிக்கிறார்’ என்று அவள் வெளியே சொன்ன விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரியவைத்தது நீங்கள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திய பிறகு என்ன நடந்திருக்கும் என்று உங்களில் ஒருவர்கூடவா யோசிக்கவில்லை? அவள் சங்கத்துக்கு வராததற்கு வேறு காரணம் தேடாதீர்கள்.

இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவது பணத் தகராறுக்கும் மாமியார் சண்டைக்கும் சரி. ஒருவர் மற்றவருக்குப் பயந்து வாழும் வீட்டுக்கு அது ஆகாது. அவர் எதிரில் உண்மையைச் சொன்னால் அவளுக்கு ராத்திரி அடி. ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்றால் உங்களுக்குத் திருப்தி. அவர் அழுது மன்னிப்புக் கேட்டிருப்பார். அடிக்கிறவர்கள் மறுநாள் அழுவது வழக்கம்தான். அதை மனந்திரும்புதல் என்று எண்ணி ஏமாறாதீர்கள்.

இனி அவளைத் தனியாகப் பாருங்கள். ஒரே ஒரு பெண் போனால் போதும். வீட்டுக்குப் போகாதீர்கள், வாட்ஸ்அப்பில் எதுவும் எழுதாதீர்கள். அந்த போனை அவர் பார்ப்பார். பிள்ளையை ஓய்வுநாள் பள்ளிக்குக் கொண்டுவந்து விடும் நேரம் போல, அவள் வெளியே வர ஏற்கெனவே காரணம் இருக்கும் நேரமாகப் பாருங்கள். நேராகவே கேளுங்கள்: கழுத்தை நெரித்தாரா? கொன்றுவிடுவேன் என்கிறாரா? அடி சமீபத்தில் கூடியிருக்கிறதா? அவள் கர்ப்பமாக இருக்கிறாளா? கழுத்தை நெரித்திருந்தால் வெளியே காயம் தெரியாவிட்டாலும் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்’ என்று சொல்லக்கூடாது. மருத்துவர் எழுதும் குறிப்புதான் பின்னால் சாட்சி.

விட்டுப் போவதா, இருப்பதா என்பதை அவள் தீர்மானிக்கட்டும். போகிற நேரமும் போன பிறகு வரும் நாட்களுமே மிகவும் ஆபத்தானவை. அதனால் முன்கூட்டியே ஒரு பை தயாராக வேண்டும்: ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் நகல்கள், மருந்து, மாற்றுத்துணி, கொஞ்சம் பணம். அது அவள் வீட்டில் இருக்கக்கூடாது, நம்பகமான இன்னொரு வீட்டில் இருக்கட்டும். திருமணப் பதிவேடும் ஞானஸ்நானப் பதிவேடும் சபையிடம்தானே இருக்கின்றன? சான்றிதழ் நகல் கேட்டு அவள் வந்தால் கணவர் கையெழுத்தைக் கேட்காமல், அவருக்குத் தெரிவிக்காமல் கொடுக்கச் சொல்லுங்கள். அவள் பெயரை ஜெபக்குறிப்பாகக் குழுவில் போடுவது அவளைக் காட்டிக்கொடுப்பதாகும்.

சட்டம் அவள் பக்கம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி அவள் சார்பில் யார் வேண்டுமானாலும் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் தரலாம். நல்லெண்ணத்தில் தந்தவர்மேல் வழக்கு வராது. அவளைக் கேட்காமல் மட்டும் செய்யாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் காத்திருக்க வேண்டாம், உடனே 112. மற்ற நேரத்தில் பெண்கள் உதவி எண் 181. வீட்டை விட்டு அவள்தான் போக வேண்டும் என்றில்லை, அந்த வீட்டில் வசிக்கும் உரிமை அவளுக்கு உண்டு. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்ணுக்குச் சட்ட உதவி இலவசம்.

‘நல்ல ஜெப மனிதர்’ என்கிறீர்கள். சபையை நடத்துகிறவன் அடிக்கிறவனாக இருக்கக்கூடாது என்று 1 தீமோத்தேயு 3-இல் இருக்கிறதே, அதை உங்கள் கமிட்டி வாசித்ததில்லையா? அவரைப் பொறுப்பிலிருந்து விலக்கத்தான் வேண்டும். ஆனால் அவள் பாதுகாப்பான பிறகு, அவள் சம்மதத்தோடு. முந்தினால் அந்தக் கோபமும் அவள்மேல்தான் இறங்கும். உங்கள் போதகர் ஐயர் அவரிடம் தனியாகப் பேசட்டும். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அங்கே வரக்கூடாது.

விவாகம் தேவன் இணைத்தது என்பதை நானும் முழுமனதாய் நம்புகிறேன். அந்த உடன்படிக்கையை முறித்தவர் கை ஓங்கியவர். உயிருக்குப் பயந்து வெளியே வருகிறவள்மேல் அந்தப் பழியைப் போடாதீர்கள்.

கூட்டத்துக்குப் பாதுகாப்பு அலுவலரையே அழையுங்கள். தேசியக் குடும்ப நல ஆய்வில் (2019-21) தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறையைச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் சபையில் இவள் ஒருத்திதான் என்று எண்ண வேண்டாம். 181 என்ற எண்ணைப் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள், கணவர் கூடவே வராத இடம் அதுதான். கல்யாண ஓலையை, அதாவது திருமண அறிவிப்பை, ஆலயத்தில் வாசிக்கும் மூன்று வாரத்தில் பெண்ணைத் தனியாக அழைத்து, அடி விழுந்தால் யாரிடம் வரவேண்டும் என்று பெயரோடு சொல்லுங்கள். மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 5-இல் பிரசங்கம் என்றால் 21-ஆம் வசனத்தில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள்: ஒருவருக்கொருவர் கீழ்ப்படியுங்கள் என்றுதான் அந்தப் பகுதி தொடங்குகிறது.

இத்தனைக்குப் பிறகும் அவள் அவரிடமே திரும்பிப் போகலாம். பலர் போகிறார்கள், பிள்ளைகளுக்காக, பணத்துக்காக, பயத்தால். அப்போது கோபித்துக்கொண்டு அவளைக் கைவிட்டுவிடாதீர்கள். அடுத்த முறை அவள் வேறு யாரிடமும் சொல்ல மாட்டாள்.