‘சய்யாரா’ எப்படி ‘சய்யார்த்தி’ ஆகிறது?

கேள்வி: குவைத்தில் வீட்டு டிரைவராக இருக்கிறேன். ‘என் வண்டி’ என்பதற்கு நான் ‘சய்யாரா அனா’ என்கிறேன். வீட்டில் ‘சய்யார்த்தி’ என்கிறார்கள். ஏஜென்ட் விற்ற புத்தகத்தில் ‘சய்யாரதீ’ என்று இருக்கிறது. எதைப் பேசுவது?

பதில்: வீட்டில் பேசுவதையே பேசுங்கள். புத்தகத்தில் இருப்பது எழுத்து அரபி. செய்தி வாசிக்க உதவும்; யாரும் வீட்டில் அப்படிப் பேசுவதில்லை. ‘சய்யாரா அனா’ கேம்ப் அரபி, அதாவது வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பேசும் உடைந்த அரபி. கடையில் காரியம் நடந்துவிடும், ஆனால் அதிலேயே நின்றுவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது உங்களுக்குப் பிடிபடாது.

‘மரம்’ என்பதோடு ‘ஐ’ சேர்த்தால் ‘மரத்தை’ என்கிறோம், நடுவில் ஒரு ‘த்து’ வருகிறது. ‘ஆ’ என்று முடியும் அரபிப் பெண்பால் சொற்களும் இப்படித்தான். தனியாகச் சொன்னால் ‘சய்யாரா’. உடைமை சேர்ந்தால் மறைந்திருந்த ‘த்’ வெளியே வரும். என் வண்டி சய்யார்த்தி, ஆணிடம் ‘உங்கள் வண்டி’ சய்யார்த்திக், பெண்ணிடம் சய்யார்த்திச். அவளுடையது சய்யாரத்ஹா, எங்களுடையது சய்யாரத்னா. இகாமாவும் (குடியிருப்பு அனுமதி) இதே வழிதான். ‘வேன் இகாம்த்திக்?’ என்று போலீஸ்காரர் கேட்டால் உங்கள் இகாமா எங்கே என்கிறார். இந்த ஒன்றையாவது இன்றே மனப்பாடம் செய்யுங்கள்.

அதற்காக ‘ஆ’ வில் முடிவதற்கெல்லாம் ‘த்’ போட்டுவிடாதீர்கள். தவா (மருந்து), கதா (மதியச் சாப்பாடு), அஷா (இரவுச் சாப்பாடு) மூன்றும் ஆண்பால். என் மருந்து தவாய், உங்கள் மருந்து தவாக். ‘தவாத்தி’ கிடையவே கிடையாது. மருந்துக்கடையில் நம் ஆட்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், ஆகவே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். தவாய், கதாய், அஷாய். உம்ம் (அம்மா), உக்த் (சகோதரி), பிந்த் (மகள்) பெண்பால்தான். ஆனால் ‘ஆ’ இல்லை, எனவே நேராக உம்மி, உக்தி, பிந்தி.

இனி அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன். விசாவோடு சேர்த்து ‘அரபி கோர்ஸ் கட்டாயம்’ என்று பணம் பிடுங்குகிறார்கள். டிரைவர் விசாவுக்கு அரபிச் சான்றிதழ் வேண்டியதில்லை. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே பின்வாங்குவார்கள். 2018-இல் நம் அரசு தொடங்கிய பயணத்துக்கு முந்தைய பயிற்சி ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு நாளில் நாற்பது சொல்லையாவது ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தால் இந்தப் புத்தக வியாபாரமே நடக்காது. யாருக்கும் அந்த அக்கறை இல்லை.

பாஸ்போர்ட் ஆண்பால் சொல். ஜவாஸ், ஜவாஸி. ‘த்’ வராது. 2015-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் குவைத் சட்டப்படி, உங்கள் சம்மதமில்லாமல் முதலாளி அதை வைத்துக்கொள்ள முடியாது. கேட்க வேண்டி வந்தால் ‘அபீ ஜவாஸி’ (என் பாஸ்போர்ட் வேண்டும்) என்று நிதானமாகக் கேளுங்கள்.