பின்சில்லுக்கு டிரம்மா, டிஸ்க்கா? பிக்கப் வைத்திருப்போரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (மருதனார்மடம்): ஐயா, வெங்காயம் ஏற்றித் தம்புள்ளைச் சந்தைக்கு ஓடுவதற்குப் பிக்கப் ஒன்று பார்க்கிறேன். பின்னால் டிரம் பிறேக் உள்ள வாகனம் பழைய காலத்துச் சாமான் என்று மகன் மறுக்கிறார். எதை எடுப்பது?

பதில்: மகன் காரை மனத்தில் வைத்துப் பேசுகிறார் போலும். ஹைலக்ஸ், டி-மக்ஸ், எல் 200 ஆகிய பிக்கப்களின் பெரும்பாலான வகைகள் நெடுங்காலமாக முன்னால் டிஸ்க்கும் (சில்லோடு சுழலும் தட்டைப் பாட் எனும் தேய்கட்டைகள் இருபுறமும் கவ்வுவது) பின்னால் டிரம்மும் (சில்லோடு சுழலும் கிண்ணத்தின் உட்சுவரை லைனர் எனும் வளைந்த தேய்கட்டைகள் அழுத்துவது) பூட்டியே வந்திருக்கின்றன. அதற்கு விலை மட்டும் காரணமன்று. பிறேக்கை மிதித்தவுடன் பாரம் முன்பக்கம் சாய்வதால், நிறுத்தும் வேலையின் பெரும்பங்கை முன்சில்லுகளே செய்கின்றன. பின்பெட்டி வெறுமையாக இருந்தால், பின்சில்லு சற்றுக் கூடுதலாக அழுத்தப்பட்டாலே இறுகி வழுக்கிவிடும். டிரம்முக்குள் இருக்கும் இரண்டு லைனர்களில் முன்னது, சுழலும் டிரம்மோடு சேர்ந்து இழுபட்டுத் தானாகவே மேலும் இறுகுவதால், சிறிய அழுத்தத்திலேயே நல்ல பிடி கிடைக்கிறது. பாரத்தோடு நிறுத்தும்போது கைப்பிறேக்கும் உறுதியாக நிற்கும். தம்புள்ளை வரை ஏ9 வீதியில் நீண்ட இறக்கங்கள் இல்லை. உங்களுக்கு டிரம் தாராளமாகப் போதும்.

கேள்வி (சாவகச்சேரி): நான் நுவரெலியாவிலிருந்து கிழமைதோறும் கோவாவும் கரட்டும் ஏற்றி வருகிறேன். எனக்கும் அதே பதில்தானா?

பதில்: இல்லை. றம்பொடைப் பக்கத்து இறக்கத்தில் முழுப் பாரத்தோடு பிறேக்கை மிதித்தபடியே வந்தால், டிரம் சூடேறி விரிந்து லைனரைவிட்டு விலகும். மிதி வழமையைவிட ஆழமாக இறங்கும். லைனரின் பிடிப்பும் தளரும். டிஸ்க் காற்றுக்குத் திறந்திருப்பதால் விரைவாக ஆறுவதோடு, சூட்டில் தடிக்கும்போது பாட்டை நோக்கியே தடிக்கிறது. ஆகவே, இரண்டும் கிடைக்குமானால் நீங்கள் டிஸ்க் உள்ளதை எடுப்பதே நல்லது. ஆனால் எந்தப் பிறேக் பூட்டியிருந்தாலும், இறக்கம் தொடங்குமுன்பே சிறிய கியருக்கு மாற்றி, இயந்திரத்தைக் கொண்டு வேகத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். பிறேக் ஒயிலையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டொட் 4 வகைப் பிறேக் ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியசில்தான் கொதிக்கும். ஈரத்தை உறிஞ்சிய பின் அந்த எல்லை 155 பாகை வரை இறங்கக்கூடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி உண்டாகி, மிதி பஞ்சுபோல் அமுங்கும், வண்டி நிற்காது.

கேள்வி (மயிலிட்டி): மீன்பெட்டி ஏற்றும் வாகனத்துக்கு எது உகந்தது?

பதில்: பனிக்கட்டி உருகிய உப்புநீர் பெட்டியின் ஓட்டைகளால் வடிந்து நேரே பின் அச்சில்தான் விழுகிறது. டிஸ்க்கில் கலிப்பர் (பாட்டுகளை அழுத்தும் பிடி) நகரும் ஊசிகள் துருவேறி இறுகிவிட்டால், உள்பக்கத்துப் பாட் இரும்பு தெரியத் தேய்ந்திருக்க, வெளிப்பக்கத்துப் பாட் பாதிக்கு மேல் மீந்திருக்கும். டிரம்மில் லைனர் மூடியிருப்பது ஓர் அனுகூலம். அங்கும் கைப்பிறேக் கேபிளும், தேய்வுக்கேற்ப லைனரை நெருக்கும் திருகும் துருவால் இறுகும். நான் டிரம்மையே சொல்வேன். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். பல நாள் நிறுத்துவதானால், சமதரையில் கைப்பிறேக்கை இழுத்துவிடாமல் கியரில் போட்டுச் சில்லுக்குக் கட்டை வையுங்கள். இல்லாவிட்டால் லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி (கோப்பாய்): என் பழைய வண்டியின் டிரம்மைக் கழற்றி டிஸ்க் பூட்டலாமா?

பதில்: வேண்டாம். மாஸ்டர் சிலிண்டர் (மிதியின் அழுத்தத்தை ஒயிலுக்குக் கொடுப்பது), அழுத்தம் பங்கிடும் வால்வு, கைப்பிறேக் ஆகிய எல்லாமே டிரம்முக்கென அளவிடப்பட்டவை. அந்தக் காசில் முன்பக்கப் பாட்டையும் ரயர்களையும் நல்லதாகப் போடுங்கள்.

கேள்வி (கிளிநொச்சி): கூடுதல் பாரம் தாங்குவதற்காகப் பின்னால் வில்தகடு சேர்த்தேன். இப்போது பாரத்தோடு நிறுத்தினால் முன்பைவிடத் தூரம் எடுக்கிறது. டிரம் பழுதா?

பதில்: முதலில் பாரமறியும் வால்வைப் பாருங்கள். பல பிக்கப்களில் சட்டத்தில் இருக்கும் அந்த வால்விலிருந்து ஒரு கம்பி பின் அச்சுக்குப் போகும். பாரத்தில் பெட்டி தாழும்போது கம்பி தள்ளப்பட்டு, பின்பிறேக்குக்குக் கூடுதல் அழுத்தம் செல்லும். வில்தகடு சேர்த்ததால் பெட்டி உயர்ந்து நிற்கிறது. முழுப் பாரத்திலும் வண்டி வெறுமையாக இருப்பதாகவே வால்வு கொண்டு பின்பிறேக்கைக் குறைத்துவிடுகிறது. கம்பியின் நீளத்தைத் தயாரிப்பாளர் கைநூலில் உள்ளபடி சீர்செய்விக்க வேண்டும். சிலர் எப்போதும் முழு அழுத்தம் செல்லும்படி கம்பியையே கழற்றிக் கட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மழையில் வெறும் வண்டியின் பின்பக்கம் சுழன்றுவிடும். வால்வு சரியாக இருந்தும் குறை தீராவிட்டால் மட்டும் டிரம்மைக் கழற்றுங்கள்.